சக்காரா: பூனையை விற்றுப் பிழைத்த ஊர்

எகிப்தின் பழங்கால இடுகாடான சக்காரா, கெய்ரோவிலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர்தான். டாக்சிதான் நேராகப் போய்ச் சேராது. வழியெல்லாம் ‘கம்பளப் பள்ளி’, பாப்பிரஸ் (நாணல் காகித ஓவியம்) கடை. எல்லாவற்றிலும் டிரைவருக்குக் கமிஷன். ஏறுவதற்கு முன்பே கறாராகப் பேசிவிடுங்கள்: கடையில் நிறுத்தக் கூடாது, காத்திருப்பும் சேர்த்து ஒரே தொகை, பணம் திரும்பி வந்த பிறகு. ஆப்பில் புக் செய்தால் போக வண்டி கிடைக்கும். திரும்பி வர ஒன்றும் சிக்காது. டிக்கெட்டுக்கு கார்டு எடுத்துப் போங்கள்.

கூட்டம் மொத்தமும் படிப் பிரமிடுக்கு ஓடும். பூனைப் பிரியர்கள் பார்க்க வேண்டியது மேட்டின் கிழக்கு விளிம்பில் இருக்கும் பூபாஸ்டியன், அதாவது பூனை உருவ தேவி பாஸ்டெட்டின் கோயில் வளாகம். அங்கே பாறையில் குடைந்த அதிகாரிகளின் கல்லறைகளை ஆயிரம் வருடம் கழித்துப் பூனை மம்மிகளின் கிடங்காக்கிவிட்டார்கள். எகிப்திய மன்னன் துட்டன்காமனின் செவிலித்தாய் மாயாவின் கல்லறை 1996-ல் கிடைத்ததும் இங்கேதான்; 2001-ல் அதற்குள் ஒரு சிங்கத்தின் எலும்புக்கூடே இருந்தது. எந்தக் கல்லறை திறந்திருக்கிறது என்று கவுன்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

“செல்லப் பூனை செத்தால் வீடே புருவத்தை மழித்துத் துக்கம் காத்தது” என்று கைடுகள் உருகுவார்கள். பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அப்படி எழுதியது உண்மைதான். ஆனால் இங்கே குவிந்திருந்தவை பெரும்பாலும் செல்லங்கள் அல்ல, பாஸ்டெட்டுக்குப் படைக்க யாத்ரீகர்கள் காசு கொடுத்து வாங்கிய நேர்த்திக்கடன் சரக்கு. இதற்கென்றே வளர்த்து, பலவற்றை ஒரு வயதுகூட ஆகாமல் கழுத்தைத் திருகிக் கொன்றது எக்ஸ்ரேயில் தெரிகிறது. நேட்ரான் உப்பில் உலர்த்தி, முன்னங்கால்களை உடலோடு நீட்டி, பின்னங்கால்களை வயிற்றோடு மடக்கி, இரண்டு நிற லினன் பட்டையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிச் சுற்றுவார்கள். மேலே மையால் கண்ணும் மூக்கும். பார்க்க பாட்டில் மாதிரி இருக்கும்.

அதிலும் கலப்படம்! மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 800-க்கும் மேற்பட்ட விலங்கு மம்மிகளை ஸ்கேன் செய்ததில், சுமார் மூன்றில் ஒரு பங்கில் விலங்கே இல்லை, மண்ணும் குச்சியும்தான். யாத்ரீகன் தலையில் மிளகாய் அரைப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் இன்னும் மோசம்: 1890-ல் எகிப்தின் இன்னொரு ஊரான பெனி ஹசனிலிருந்து சுமார் 19 டன் பூனை மம்மிகளை லிவர்பூலுக்குக் கப்பலேற்றி, உரமாக விற்றான்.

சாப்பாட்டுக்குச் சுற்றுலாப் பயணிகளின் பஃபே வேண்டவே வேண்டாம். கெய்ரோ திரும்பி கொஷாரி சாப்பிடுங்கள்: சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, தக்காளிச் சாறு, மேலே மொறுமொறு வெங்காயம். பூண்டு வினிகரைத் தாராளமாக ஊற்றுங்கள். மலிவு, அமிர்தம், சைவம்!

யாராவது ‘பழங்காலப் பூனைச் சிலை’ என்று துணிக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினால் நகர்ந்துவிடுங்கள். போலி என்றால் காசு போச்சு. அசல் என்றால் 1983-ம் வருடத் தொல்பொருள் சட்டப்படி ஜெயில்.