டார்பி தாத்தாவின் பங்கைத் தேடிய பதினான்கு மாதங்கள்

என் அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு ஒரு கொள்ளுத்தாத்தா இருந்தார் என்பதும், அவர் அயர்லாந்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் பீரங்கிப் படையில் சேர்ந்து பரங்கிமலைக்கு வந்தவர் என்பதும், வீட்டில் அவரை ‘டார்பி தாத்தா’ என்றே குறிப்பிடுவார்கள் என்பதும் தவிர எங்களுக்கு வேறொன்றும் தெரியாது. பாட்டி இறந்த பிறகு அவருடைய ஜெபமாலைப் பெட்டியில் கிடைத்த திருமணச் சான்றின் பழைய நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த மனிதர் எந்தப் பங்கில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள எந்தத் திருச்சபை வட்டாரத்தில், ஞானஸ்நானம் பெற்றார் என்பதைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பதினான்கு மாதங்களுக்கு முன் தொடங்கினேன். இதுவரை செய்ததையும், தவறிய இடங்களையும், கிடைத்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். குடும்பப் பெயரையும் பங்கின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். அவருடைய உடன்பிறந்தாரின் வழியில் வந்தவர்கள் இன்றும் அங்கே வாழ்ந்துகொண்டிருக்கலாம்.

முதல் மூன்று மாதங்கள் அயர்லாந்தின் பக்கமே போகவில்லை. அது நல்ல முடிவு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். ஊரும் பங்கும் தெரியாமல் அயர்லாந்துப் பதிவேடுகளுக்குள் நுழைந்தால், ஒரே பெயருடைய நூறு பேருக்கு நடுவில் நிற்க வேண்டியிருக்கும். அன்றைய சென்னை மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் உள்ளன. கம்பெனிப் படையில் சேர்ந்தவர்களின் பட்டியல்களும் அங்கேயே இருக்கின்றன. அவற்றிலிருந்து, அவர் 1847-இல் படையில் சேர்ந்தார், அப்போது வயது 20 என்று சொன்னார், தொழில் கூலிவேலை, சொந்த இடம் கார்க் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) மேற்குக் கடற்கரையிலுள்ள ஒரு பங்கு என்பவை கிடைத்தன. 1853-இல் நடந்த திருமணத்தின் பதிவு, தந்தையின் பெயர் கொர்னேலியஸ் என்றது. சாட்சிகள் இருவரின் பெயர்களும் அதில் இருந்தன. அவற்றை அப்போது ஒரு பொருட்டாகவே நான் எண்ணவில்லை.

1820-களில் பிறந்த ஒரு கத்தோலிக்க ஏழையைத் தேடுவதற்குப் பங்குப் பதிவேட்டை விட்டால் வேறு வழி ஏன் இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். அயர்லாந்தில் எல்லா மதத்தினருக்கும் பொதுவான பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு 1864-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில், 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பகுதி, உள்நாட்டுப் போர் தொடங்கிய 1922 ஜூன் மாத இறுதியில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது சாம்பலாயின. 1861, 1871 கணக்கெடுப்புகளை அதற்கு முன்பே அரசு அழித்திருந்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப்போரின்போது கூழாக்கப்பட்டன. ஆகவே முழுமையாகக் கைக்குக் கிடைக்கும் முதல் கணக்கெடுப்பு 1901-ஆம் ஆண்டுக்குரியது. அரசு ஆதரவு பெற்றிருந்த அயர்லாந்துத் திருச்சபை என்ற ஆங்கிலிக்கச் சபையின் பதிவேடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை பாதுகாப்புக்காக அதே காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டிருந்ததால் எரிந்துபோயின. யாரும் கேட்டு வாங்காமல் பங்குத்தந்தையர் வீட்டு அலமாரிகளிலேயே கிடந்த கத்தோலிக்கப் பதிவேடுகள் தப்பித்தன. ஒரு காலத்தில் கத்தோலிக்கருக்கு எதிரான தண்டனைச் சட்டங்களால் ஒடுக்கப்பட்டிருந்த சபையின் ஏடுகள் இப்படிப் பிழைத்ததை நினைக்கும்போது என் மனம் ஒவ்வொரு முறையும் கனத்துப்போகிறது.

இந்த ஏடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் 1950-களிலிருந்து நுண்படமாக எடுத்துவைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின், பெரும்பாலும் 1880 வரையிலான ஏடுகள், 3,70,000-க்கும் அதிகமான படங்களாக 2015 ஜூலையில் எவரும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் வைக்கப்பட்டன. வரைபடத்தில் கவுண்டியைத் தொட்டு, பங்கைத் தேர்ந்து, ஆண்டையும் மாதத்தையும் குறித்தால் அந்தப் பக்கம் திறக்கும். கிழக்கே டப்ளின், லென்ஸ்டர் பகுதிகளில் ஏடுகள் முன்னதாகத் தொடங்குகின்றன. மேற்கே போகப்போகத் தாமதமாகின்றன, சில இடங்களில் 1850-களில்தான் முதல் வரியே எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் பங்கில் 1820-களின் ஞானஸ்நான ஏடு இருந்தது எங்கள் நல்லூழ். திருமண ஏடு அந்த ஆண்டுகளுக்கு இல்லை. அடக்கப் பதிவு எதுவுமே இல்லை. அயர்லாந்தின் கத்தோலிக்க ஏடுகளில் அடக்கங்கள் எழுதப்பட்டிருப்பது மிக அரிது.

நான்காம் மாதத்தில் ஒரு பெரிய தவறு செய்தேன். கத்தோலிக்கப் பங்கும், நிலவரிக்கும் நிர்வாகத்துக்கும் பயன்பட்ட சிவில் பங்கும் ஒன்றென நினைத்துவிட்டேன். பெயர் ஒன்றாக இருந்தாலும் எல்லைகள் வேறு. ஒரு கத்தோலிக்கப் பங்குக்குள் இரண்டு மூன்று சிவில் பங்குகளின் துண்டுகள் அடங்கியிருக்கும். படைப்பட்டியலில் எழுதியிருந்தது சிவில் பங்கின் பெயர். அதே பெயருள்ள கத்தோலிக்கப் பங்கின் ஏட்டில் ஐந்து வாரங்கள் தேடிவிட்டு, பிறகு சிவில் பங்கின் வரைபடத்தை மேலே வைத்துப் பார்த்தபோதுதான், அதன் கடலோரப் பாதி பக்கத்துப் பங்கைச் சேர்ந்தது என்று தெரிந்தது.

படிக்கும் பழக்கம் வர நாளாயிற்று. மக்கள் வீட்டில் பேசியது ஐரிஷ் மொழி. குருவானவர் எழுதியது ஆங்கிலம் அல்லது இலத்தீன். ஒரே பெயர் மூன்று மொழிகளில் மூன்று உருவம் எடுக்கிறது. வீட்டில் டியர்மிட் என்று அழைக்கப்பட்டவர் ஆங்கிலத்தில் டார்பி அல்லது ஜெரெமையா, இலத்தீனில் ஜெரெமியாஸ். எங்கள் தாத்தா படையில் ஜெரெமையா, வீட்டுப் பேச்சில் டார்பி. ஹனோரா என்பவள் நோரா, ஹன்னா என்றும் வருவாள். ஜேம்ஸ் யாகோபுஸ் ஆகிறார், வில்லியம் குலியெல்முஸ் ஆகிறார். குடும்பப் பெயரின் முன்னால் நிற்கும் ‘ஓ’ அந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் உதிர்ந்திருந்து, பிற்பாடு பலராலும் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. எங்கள் ஊர்ப் பங்கில் இளவயதில் பழைய ஏடுகளைப் படியெடுக்க உதவியிருக்கிறேன் என்பதால், ‘அதே நாளில்’, ‘முறையான மகன்’ போன்ற இலத்தீன் தொடர்கள் பழகிய முகங்களாகவே இருந்தன. மை மங்கிய பக்கங்களைத் தரவிறக்கிக் கணினியில் இருட்டாக்கிப் பார்த்தேன். அப்படியும் மடிப்போரத்தில் விழுங்கப்பட்ட எழுத்துகள் திரும்பவில்லை.

முதலில், ஏடுகளிலுள்ள பெயர்களை மற்றவர்கள் தொகுத்துவைத்த ஆயத்த அட்டவணை ஒன்றில் பெயரைத் தட்டிப் பார்த்தேன். எங்கள் தாத்தாவுக்குப் பொருந்தும் பதிவு ஒன்றும் வரவில்லை. அட்டவணையை உருவாக்கியவர் குடும்பப் பெயரின் முதலெழுத்தைத் தவறாகப் படித்திருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. அதனால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் குருவானவரின் கையெழுத்து அப்படி. ஆனால் அட்டவணையில் இல்லை என்பதால் ஏட்டில் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. 1822 முதல் 1832 வரை ஒவ்வொரு பக்கமாக, ஒவ்வொரு வரியாகப் படிப்பது என்று தீர்மானித்தேன். இரவு உணவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டதில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் போயின.

ஒரு ஞானஸ்நான வரியில் நாள், குழந்தையின் பெயர், தந்தையின் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், ஞானஸ்நானத்தில் குழந்தைக்காகப் பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தந்தை, ஞானத்தாய், சில வேளைகளில் டவுன்லாந்து ஆகியவை இருக்கும். டவுன்லாந்து என்பது அயர்லாந்தில் நிலத்தின் மிகச் சிறிய பெயருள்ள பிரிவு. நாடு முழுவதும் 60,000-க்கும் மேல் உள்ளன. திருமணத்துக்குப் பிறகும் தாய் தன் பிறந்த வீட்டுப் பெயராலேயே எழுதப்படுவது இந்த ஏடுகளின் பெருங்கொடை. அது இல்லாமல் ஒரே பெயருடைய இரண்டு தந்தையரைப் பிரிக்கவே முடிந்திருக்காது.

எனக்கும் அதுதான் நேர்ந்தது. கொர்னேலியஸ் என்பவருக்குப் பிறந்த ஜெரெமையாக்கள் மூவர் கிடைத்தனர்: ஒருவன் 1825-இல், ஒருவன் 1827-இல், ஒருவன் 1828-இல். 1827-இல் பிறந்தவனின் தாய் மேரி. மற்ற இருவருக்கும் தாய் ஒருத்தியே, ஹனோரா. பிறந்த வீட்டுப் பெயரும் ஒன்றே, டவுன்லாந்தும் ஒன்றே. ஒரே பெற்றோர் மூன்றாண்டு இடைவெளியில் இரண்டு மகன்களுக்கு ஒரே பெயரை ஏன் வைக்க வேண்டும்? 1825-இல் பிறந்தவன் இறந்துபோயிருக்க வேண்டும். இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு இடுவது அங்கே வழக்கம். அடக்கப் பதிவு இல்லாத பங்கில், அந்தச் சிறுவன் இறந்தான் என்பதற்கு அவன் தம்பியின் ஞானஸ்நானமே ஒரே சான்று. அன்றிரவு நான் அதற்கு மேல் படிக்கவில்லை.

மேரியின் மகனா, ஹனோராவின் மகனா என்பது அடுத்த கேள்வி. இங்கே அயர்லாந்துப் பெயரிடும் முறை உதவியது. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனார் பெயர், மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர், இரண்டாம் மகளுக்குத் தந்தைவழிப் பாட்டி பெயர் என்பது பலரும் கைக்கொண்ட ஒழுங்கு. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன் என்று சொல்லையே அப்படி ஆக்கிக்கொண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பரங்கிமலையில் டார்பி தாத்தாவுக்குப் பிறந்த மூத்த மகன் கொர்னேலியஸ். இரண்டாம் மகள் ஹனோரா. என்றாலும் இது வழக்கமே தவிர விதியன்று. இதை மட்டும் நம்பி மரத்தில் ஒரு கிளையைப் பொருத்திவிடுவதை நான் ஏற்கவில்லை. படையில் சேர்ந்தவர்கள் சொன்ன வயதையும் அப்படியே நம்ப முடியாது. 20 என்று சொன்னவர் 19 ஆகவும் இருக்கலாம், 22 ஆகவும் இருக்கலாம்.

ஆதலால் ஹனோராவின் எல்லாக் குழந்தைகளையும் திரட்டினேன். ஏழு பேர் கிடைத்தனர். ஞானப்பெற்றோர் பெயர்களைத் தனித் தாளில் எழுதி அடுக்கினேன். அயர்லாந்தில் ஞானப்பெற்றோர் பெரும்பாலும் பெற்றோரின் உடன்பிறந்தவர்களோ நெருங்கிய அண்டை வீட்டாரோ ஆவர். ஆகவே அந்தத் தாள் ஏறக்குறைய ஒரு குடும்பத்தின் உறவுப் படமாகிவிடுகிறது. தாயின் பிறந்த வீட்டுப் பெயரே நான்கு முறை வந்தது. 1828-ஆம் ஆண்டு ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்றவரின் குடும்பப் பெயர் மட்டும் அந்தப் பங்கில் அபூர்வமானது. பத்தாண்டுப் பக்கங்களில் ஒரேயொரு வீட்டாரே அந்தப் பெயரோடு வருகிறார்கள், அதுவும் அதே டவுன்லாந்தில்.

அந்தப் பெயரை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்ற உறுத்தல் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் பாட்டியின் பெட்டியைத் திறந்து திருமணச் சான்றை எடுத்துப் பார்த்தேன். 1853-இல் பரங்கிமலையில் நடந்த திருமணத்தின் முதல் சாட்சி அந்தக் குடும்பப் பெயர்க்காரர்தான். ஒரே ஊரிலிருந்து இளைஞர்கள் சேர்ந்தே படைக்குப் போவது உண்டு. ஞானத்தந்தையின் மகனோ அண்ணன் மகனோ தாத்தாவோடு கப்பலேறி வந்து, ஆறாண்டுகளுக்குப் பிறகு அவர் திருமணத்தில் சாட்சியாக நின்றிருக்கிறார் என்பதே என் முடிவு. தந்தையின் பெயர், தாயின் பெயர், வயது, இடம், இந்தச் சாட்சி என ஐந்தும் ஒன்றோடொன்று பொருந்திய பிறகுதான் 1828-ஆம் ஆண்டு வரியை எங்கள் தாத்தாவுடையது என்று எழுதிக்கொண்டேன்.

அதன்பின் ஏட்டை மூடிவிடாமல் 1840-களுக்குள் சென்றேன். உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிய 1845 தொடங்கிச் சில ஆண்டுகளில் பத்து லட்சம் பேர் இறந்தும், அதற்கும் அதிகமானோர் நாட்டை விட்டு வெளியேறியும் போன பெரும்பஞ்சத்தின் காலம் அது. மேற்குக் கார்க் அதன் கொடுமையை முழுவதுமாகச் சுமந்த பகுதிகளுள் ஒன்று. பக்கத்தை நிறைத்துக்கொண்டிருந்த ஞானஸ்நானங்கள் 1847-க்குப் பிறகு இளைத்துப்போகின்றன. அதே கையெழுத்து, அதே கோடு, ஆனால் ஒரு மாதம் கால் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. தாத்தா எந்த ஆண்டில் கம்பெனியின் சம்பளத்தை ஏற்றுக்கொண்டார் என்பது வெறும் தேதியாக எனக்குத் தோன்றுவது அன்றோடு நின்றது.

தாத்தாவின் அக்காள் ஒருத்தியின் திருமணம் 1844-இல், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய வாரத்தில் பதிவாகியிருக்கிறது. தவக்காலத்தில் திருமணம் செய்யாததால் அதற்கு முந்தைய நாட்களில் திருமணங்கள் குவிவது வழக்கம். அந்த வரியின் ஓரத்தில், உறவினர் மணம் செய்வதற்கான திருச்சபைத் தடையிலிருந்து மூன்றாம் படி உறவுக்கு விலக்கு அளிக்கப்பட்டதாக ஒரு குறிப்பு. அன்றைய திருச்சபைக் கணக்கில் மூன்றாம் படி என்றால் இருவருக்கும் பூட்டன் பூட்டி பொது என்று பொருள். ஏடு தொடங்குவதற்கு முந்தைய தலைமுறை ஒன்றை இந்த ஒரு குறிப்பு தொட்டுக் காட்டுகிறது. அதைத் தொடரும் வழியை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

1847 முதல் 1864 வரை வெளியான, நிலத்தையும் வீட்டையும் வரிக்காக மதிப்பிட்டுக் குடியிருப்பவர் பெயரைக் குறித்த கிரிஃபித் நிலமதிப்பீட்டில், அந்த டவுன்லாந்தில் கொர்னேலியஸ் இல்லை. ஒரு சிறு வீட்டுக்குக் குடியிருப்பாளராக ஹனோராவின் பெயர் மட்டும் இருக்கிறது. கொர்னேலியஸ் பஞ்சத்தில் இறந்தார் என்று எழுதச் சான்றுத் தாள் இல்லை, ஆகவே எழுதவில்லை. இந்த மாதம் முதல், திருமணத்தில் சாட்சியாக நின்றவரின் படைப்பதிவைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர் சேர்ந்த நாளும் தாத்தா சேர்ந்த நாளும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும்.