ரோல்பேக் பண்ணினால் சரியாகிவிடுமா?

"புது வெர்ஷனை முதலில் ஒரு சதவீதம் பேருக்கு விடுவோம், ஏதாவது ஆனால் தானாகவே ரோல்பேக் ஆகி பழைய வெர்ஷனுக்கே திரும்பிவிடும், அப்புறம் என்ன பயம்" என்று ரிலீஸ் மீட்டிங்கில் யாராவது சொன்னால் எனக்கு நைட் கேபிடல்தான் ஞாபகத்துக்கு வரும்.

அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் அது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச்சந்தையில் தொடங்கவிருந்த ஒரு திட்டத்துக்காகப் புதுக் கோட் எழுதி, சில நாட்களாக நிதானமாகத்தான் சர்வர் சர்வராக ஏற்றினார்கள். எட்டில் ஒன்று விட்டுப்போனது. போதாக்குறைக்கு, புது வசதியை ஆன் செய்ய ஒரு பழைய ஃபிளாகையே (கோடுக்குள் இருக்கும் ஆன்/ஆஃப் சுவிட்ச்) எடுத்துக்கொண்டார்கள். அது ஒரு காலத்தில் 'பவர் பெக்' என்ற வசதியை இயக்கியது. 2003-லேயே கைவிட்ட வசதி, ஆனால் கோட் அப்படியே கிடந்தது. சந்தை திறந்ததும் எட்டாவது சர்வரில் அது எழுந்து உட்கார்ந்து ஆர்டர் மேல் ஆர்டராக அனுப்ப ஆரம்பித்தது.

இங்கேதான் விஷயம். குற்றவாளி புதுக் கோட்தான் என்று நினைத்து, சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வர்களிலும் அதை எடுத்துவிட்டார்கள். அவற்றிலும் பழைய கோட் திரும்பி வந்தது, ஃபிளாக் ஆனிலேயே இருந்தது. இப்போது எட்டும் பவர் பெக்! மொத்தம் 45 நிமிடம், 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். இத்தனைக்கும் சந்தை திறக்கும் முன்பே 97 எச்சரிக்கை மின்னஞ்சல்கள் போயிருந்தன. யாரும் உடனே பார்க்க வேண்டிய அலர்ட்டாக அவை அமைக்கப்படவே இல்லை.

அதனால் புரோகிராம் கோட் ஒன்றை மட்டும் பின்னுக்கு இழுப்பதை நான் ரோல்பேக் என்றே ஒத்துக்கொள்வதில்லை. ஃபிளாக், கான்ஃபிக் (அமைப்புகள்), டேட்டாபேஸ் எல்லாம் அந்தப் பழைய கோடுக்குப் பொருந்த வேண்டும். புது வெர்ஷனோடு சேர்த்தே டேட்டாபேஸ் டேபிளில் ஒரு column-ஐ டிராப் செய்துவிட்டால் (அழித்துவிட்டால்), ரோல்பேக் ஆன பழைய கோட் அந்த column-ஐத் தேடி அடுத்த நொடியே விழும். முதல் ரிலீஸில் அதைப் படிப்பதையும் எழுதுவதையும் நிறுத்துங்கள், டிராப் செய்வது நாலு ரிலீஸ் தள்ளிப் போகட்டும், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

கேனரியை, அதாவது முதலில் சிலருக்கு மட்டும் விட்டுப் பார்க்கும் புது வெர்ஷனை, நேற்றைய கிராஃபோடு ஒப்பிடுவதும் வேண்டாம். புதிதாகத் தொடங்கிய சர்வரில் கேஷ் (அடிக்கடி தேவைப்படும் டேட்டாவைக் கைவசம் வைக்கும் நினைவகம்) காலி, மெதுவாகத்தான் இருக்கும். நெட்ஃபிளிக்ஸில் கேனரியோடு பழைய வெர்ஷனையும் அதே அளவில் புதிதாக ஏற்றி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அதுதான் நியாயம்.

சரி, திரும்பிப் போக வழியே இல்லாத இடத்தில்? 2024 ஜூலை 19-ல் கணினிப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பிழையான கோப்பை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் அதற்குள் விழுந்த கணினிகள் ஸ்டார்ட்டே ஆகாதபோது திருத்தம் எப்படிப் போய்ச் சேரும்? பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. பல இடங்களில் ஆள் போய் சேஃப் மோடில் திறந்து, கோப்பைக் கையால் அழித்தார்கள். மென்பொருள் வெர்ஷன்களுக்குப் படிப்படியான வெளியீடு இருந்தது. இந்தக் கோப்புகள் வெறும் 'கன்டென்ட்'தானே என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போயின.