ஹட்டன் முதல் பதுளை வரை: பாலன் குடில்களும் இறைவாக்குகளும்

மலையகத்துப் பாலன் குடில்களைத் தரிசிக்க நத்தார் இரவைவிட, டிசம்பர் 26 முதல், ஞானிகள் குழந்தையைக் கண்டதை நினைக்கும் திருக்காட்சிப் பெருவிழா வரையான நாட்களே நல்லவை. 24ஆம் திகதி இரவு ஆலயங்கள் நிரம்பி வழியும். குடிலின் முன் நின்று வேதாகமத்தைத் திறக்க இடம் கிடைக்காது. திருவழிபாட்டின்படி நத்தார் காலம் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்வதால் அதுவரை பெரும்பாலான குடில்கள் கலைக்கப்படுவதில்லை. ஹட்டன், டிக்கோயா, ஒரு தோட்டத்துச் சிற்றாலயம், நுவரெலியா, பதுளை என்று இரண்டு இரவு தங்கிப் போனால் ஒவ்வோர் இடத்திலும் ஓர் இறைவாக்கை முழு அதிகாரமாக வாசிக்க நேரம் இருக்கும். இந்தப் பயணத்தின் நோக்கமே அந்த வாசிப்புத்தான். குடிலுக்கு மேலே பதாகையில் ஒரு வரிதான் எழுதியிருக்கும். அந்த வரி எந்த அச்சத்தின் நடுவே, யாருக்குச் சொல்லப்பட்டது என்பது அதன் முன்னும் பின்னும் உள்ள வசனங்களில்தான் இருக்கிறது.

ஆகவே சட்டைப்பைக்குள் வைக்கும் புதிய ஏற்பாடு போதாது, முழு வேதாகமம் வேண்டும். பின்னேரம் நான்கு மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிடுவதால் ஒரு டோர்ச்சும் தேவை.

போக்குவரத்தை முதலில் ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். டிசம்பரில் வரும் உந்துவப் பௌர்ணமியோடு சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம் தொடங்கிவிடும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா வீதியில் வார இறுதிகளிலும் போயா நாட்களிலும் வாகனங்கள் ஊர்ந்துதான் போகும், தங்குமிடங்களும் முன்கூட்டியே நிரம்பிவிடும். வார நாளில் போவதே நல்லது. வடகீழ்ப் பருவமழை ஓயாத காலம் என்பதால் புறப்படுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டு வீதிகளும் ரயில் பாதையும் பலத்த சேதமடைந்தன. ரயிலை நம்பித் திட்டமிடுவோர் எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஹட்டன் திருச்சிலுவை ஆலயத்தில் எசாயா 9. நள்ளிரவுத் திருப்பலியின் முதல் வாசகம் இதுதான். "ஒரு குழந்தை நமக்குப் பிறந்துள்ளார்" என்ற வரியை ஒளிவிழாவில் பிள்ளைகள்கூட மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் வாசிப்பை முதல் வசனத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே செபுலோன், நப்தலி என்று இரண்டு நிலப்பகுதிகளின் பெயர் வருகிறது. வடக்கே கலிலேயாப் பக்கமிருந்த இவை கி.மு. 733 அளவில் அசீரியப் படையிடம் விழுந்தன. மக்கள் நாடு கடத்தப்பட்டார்கள். 2 அரசர்கள் 15:29 இதைப் பதிவு செய்கிறது. இருள் முதலில் விழுந்த அதே மண்ணில்தான் ஒளியும் முதலில் தோன்றும் என்கிறார் எசாயா. மத்தேயு இந்த வசனத்தைப் பிறப்பு நிகழ்ச்சியில் சொல்லவில்லை. நான்காம் அதிகாரத்தில், இயேசு கப்பர்நாகூமில் குடியேறிப் பணியைத் தொடங்கும் இடத்தில் சொல்கிறார். குழந்தையைப் பற்றிய வரிக்குச் சற்று முன்னால், சுமையாக அழுத்திய நுகம் முறிவதும் இரத்தம் தோய்ந்த போர்வீரரின் காலணிகள் எரிக்கப்படுவதும் வருகின்றன. குழந்தை பிறந்தது எதற்காக என்பதற்கு எசாயா தரும் பதில் அந்த இரண்டு வசனங்களில் இருக்கிறது. அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஹட்டனிலிருந்து நோர்வூட் அல்லது பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறினால் டிக்கோயா. காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே, 1878இல் எழுந்த வார்லி கிறிஸ்து ஆலயம் கல்லறைத் தோட்டத்தோடு நிற்கிறது. இது அங்கிலிக்கன் ஆலயம். வார நாட்களில் கதவு பூட்டியிருக்கலாம். திறந்து பார்க்க விரும்பினால் ஞாயிறு ஆராதனையை ஒட்டிப் போக வேண்டும். பூட்டியிருந்தாலும் கவலை இல்லை, இங்கே வாசிக்க வேண்டிய அதிகாரத்துக்கு வெளியே நின்று தண்ணீரைப் பார்ப்பதே பொருத்தம்.

அது எசாயா 7. "இதோ, கருவுற்றிருக்கும் இளம்பெண் ஓர் ஆண்மகவைப் பெற்றெடுப்பார், அக்குழந்தைக்கு இம்மானுவேல் என்று பெயரிடுவார்" என்ற அடையாளம் 14ஆம் வசனம். அது சொல்லப்பட்ட இடம் மூன்றாம் வசனத்தில் இருக்கிறது: மேற்குளத்துக் கால்வாயின் கோடி. வடக்கிலிருந்து சிரியா, இஸ்ரயேல் நாடுகளின் இரண்டு அரசர்கள் படை கூட்டி வருகிறார்கள். காற்றில் காட்டு மரங்கள் அசைவதுபோல அரசனின் உள்ளமும் மக்களின் உள்ளமும் நடுங்கின என்கிறது இரண்டாம் வசனம். முற்றுகை வந்தால் எருசலேமுக்குத் தண்ணீர் எப்படி என்பதே அந்நேரத்தின் கவலையாக இருந்திருக்கும். அந்தத் தண்ணீர்ப் பாதையில்தான் எசாயா தம் மகனையும் கூட்டிக்கொண்டு யூதாவின் ஆகாசு அரசனைச் சந்திக்கிறார். ஓர் அடையாளம் கேள் என்கிறார். ஆண்டவரைச் சோதிக்க மாட்டேன் என்று ஆகாசு மறுக்கிறான். பக்திபோலத் தெரியும் இந்தப் பதிலின் உள்ளே என்ன இருந்தது என்பதை 2 அரசர்கள் 16 சொல்கிறது: கோவிலின் வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அசீரிய அரசனுக்கு அனுப்பி உதவி கேட்டான். அடையாளம் கொடுக்கப்பட்டது அதை வேண்டாம் என்றவனுக்கு.

இம்மானுவேல் வசனம் மட்டும் தெரிந்தவர்களுக்கு 16ஆம் வசனம் தடுமாற்றமாக இருக்கும். அந்தக் குழந்தை நன்மை தீமை அறியுமுன் இரு அரசர்களின் நாடுகளும் பாழாகும் என்கிறது அது. அப்படியே நடந்தது: அவர்களின் தலைநகரங்களில் தமஸ்கு கி.மு. 732இல் விழுந்தது, சமாரியா பத்து ஆண்டுகளுக்குப் பின் வீழ்ந்தது. அந்த அடையாளம் ஆகாசின் காலத்துக்கும் ஒரு பொருள் கொண்டிருந்தது. ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் கழித்து மத்தேயு அதே வசனத்தை எடுத்து, அதன் நிறைவு மரியாவின் மகனிடம் வந்தது என்று எழுதினார். முதற்பொருளை மறைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் போதித்தால், பள்ளியில் வரலாறு படிக்கும் பிள்ளை ஒருநாள் கேள்வி கேட்கும்போது உபதேசியாரிடம் பதில் இருக்காது. இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்பதுதான் நேர்மை.

அடுத்தது தோட்டத்துச் சிற்றாலயம். எந்தத் தோட்டம் என்பது உங்கள் உறவையும் பழக்கத்தையும் பொறுத்தது. ஒரு பங்குச் சுவாமிக்குப் பல தோட்டங்கள் இருப்பதால் நத்தார் திருப்பலி எல்லா இடத்திலும் நள்ளிரவில் நடக்காது. மாலையிலோ மறுநாளோ வரும். முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக் குடில்களின் கூரை பெரும்பாலும் மானாப்புல், கால்கள் மூங்கில், பின்னணிக்குச் சைப்ரஸ் கொப்பு. மலைநாட்டின் மேற்பகுதியில் நெல் இல்லை; வைக்கோல் வேண்டுமென்றால் வெலிமடைப் பக்கமிருந்து வரவழைக்க வேண்டும். பசை தடவிய கடதாசியில் மலை செய்தால் ஈரக்காற்றில் இரண்டே நாளில் தொய்ந்துவிடும். உள்ளே மூங்கில் பத்தை கட்டி அதன்மேல் சாக்கு விரித்தால் நிற்கும். பச்சை தெரிய வேண்டுமென்று டின்களில் குரக்கன் விதைப்பவர்கள் சமவெளியின் கணக்கில் விதைத்தால் நத்தாருக்கு முளைதான் வந்திருக்கும். குளிரில் வளர்ச்சி மந்தம், கூடுதலாக ஒரு கிழமை கொடுக்க வேண்டும். மின்குமிழ்ச் சரத்தைக் காய்ந்த புல்லின்மேல் படும்படி விடவே கூடாது. ஈரப்பாசியும் பிளாஸ்டர் சுருபங்களும் ஒன்றையொன்று தொட்டால் சுருபத்தின் அடி கரைந்து வர்ணம் உரியும். இடையே ஒரு பலகைத் துண்டு வையுங்கள்.

இங்கே லூக்கா 2. வானதூதர் இடையர்களுக்குக் கொடுத்த அடையாளம் 12ஆம் வசனம்: குழந்தை துணிகளில் சுற்றப்பட்டு, தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டிருக்கும். லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) பின்னால் மாட்டுப்பட்டி இருந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். பீப்பாயைப் பாதியாக அறுத்தோ சீமெந்தில் கட்டியோ வைத்த தொட்டி, மாட்டின் நாக்குப் பட்டுப் பட்டு வழுவழுப்பான விளிம்பு, அடியில் ஒட்டிக் காய்ந்த தவிடு. கொழுந்து நிறுத்துவிட்டு வந்து மாட்டுக்குப் புல்லறுக்கும் பெண்ணுக்கு இந்த அடையாளத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. பெத்லகேமின் அந்த இரவில் துணியில் சுற்றிய குழந்தைகள் வேறும் இருந்திருக்கலாம், தொட்டியில் கிடந்தது ஒன்றுதான். இடையர்கள் சரியான குழந்தையைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அது துல்லியமான அடையாளம்.

பெத்லகேம் இடையர்கள் பலிக்குரிய ஆட்டுக்குட்டிகளைத் துணியில் சுற்றித் தொட்டியில் வைப்பார்கள், அதனால்தான் அடையாளம் புரிந்தது என்று இப்போது பல மறையுரைகளிலும் காணொளிகளிலும் சொல்கிறார்கள். பழைய நூல்கள் எதிலும் அதற்குச் சான்று இல்லை. அதைவிட அழகான விளக்கம் வேதாகமத்திலேயே இருக்கிறது. சாலமோனின் ஞானம் 7:4-5இல் அரசன் சாலமோன், தானும் துணியில் பொதியப்பட்டுத்தான் வளர்ந்ததாகவும், எந்த அரசனுக்கும் பிறப்பின் தொடக்கம் வேறு மாதிரி இல்லை என்றும் சொல்கிறான். தாவீதின் மகன் அரசனானாலும் அவனும் துணிக்குழந்தைதான்.

மாடும் கழுதையும் லூக்காவில் இல்லை. அவை எசாயா 1:3இலிருந்து வந்தவை: மாடு தன் உடைமையாளனையும் கழுதை தன் தலைவனின் தொட்டியையும் அறியும், மக்களோ அறியவில்லை. 4ஆம் நூற்றாண்டுக் கல்லறைப் பெட்டிச் சிற்பங்களிலேயே குழந்தையின் அருகில் இந்த இரண்டும் செதுக்கப்பட்டிருக்கின்றன. 1223இல் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் குடில் அமைத்தபோதும் தொட்டி, வைக்கோல், மாடு, கழுதை ஆகியவற்றைத்தான் ஏற்பாடு செய்யச் சொன்னார்.

லூக்கா 2இன் முதல் ஐந்து வசனங்களை மலையகத் தமிழர் சற்று நின்று வாசிக்க வேண்டும். யோசேப்பும் கருவுற்ற மரியாவும் பெத்லகேமுக்கு நடந்தது ஒரு பதிவுக்காக. எந்த ஊர், யாருடைய வழிமரபு என்று அரசாங்கம் கேட்டது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பங்கிடப்பட்ட குடும்பங்களில், பத்திரம் கையில் இல்லாமல் இருப்பது என்னவென்று வயதானவர்களுக்குத் தெரியும். லூக்கா குறிப்பிடும் சிரிய ஆளுநர் குரேனியுவின் பதிவாக வரலாற்றில் அறியப்படுவது கி.பி. 6இல் நடந்தது, இயேசு பிறந்தபோது ஆண்டதாக மத்தேயு சொல்லும் ஏரோது கி.மு. 4இல் இறந்தான் என்பதே பெரும்பாலோர் கருத்து. இந்த இரண்டையும் இணைக்க அறிஞர்கள் பல வழி சொல்கிறார்கள், முடிவு எட்டவில்லை. இதை மறைத்துப் பேசத் தேவையில்லை.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். இரவில் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்கும், கம்பளி இல்லாமல் வராதீர்கள். புனித சவேரியார் ஆலயக் குடிலின் முன் மத்தேயு 2ஐயும் மீக்கா 5ஐயும் சேர்த்து வாசிக்கலாம். மெசியா எங்கே பிறப்பார் என்று ஏரோது கேட்டதும் தலைமைக் குருக்களும் மறைநூல் அறிஞரும் தடுமாறாமல் மீக்காவைச் சொன்னார்கள்: பெத்லகேம். எருசலேமிலிருந்து அது ஏறத்தாழ 9 கிலோமீற்றர், இரண்டு மணி நேர நடை. வசனம் தெரிந்த ஒருவரும் நடக்கவில்லை. நடந்தவர்கள் வசனம் தெரியாத அந்நியர்களான ஞானிகள்.

விண்மீனுக்கு மத்தேயு எந்த இறைவாக்கையும் மேற்கோள் காட்டவில்லை. திருச்சபை பழங்காலத்திலிருந்தே எண்ணிக்கை 24:17ஐ அதோடு சேர்த்து வாசித்துவந்தது: யாக்கோபிலிருந்து விண்மீன் ஒன்று உதிக்கும். சொன்னவர் பிலயாம், அவரும் கிழக்கிலிருந்து வந்த அந்நியர், அவரையும் ஓர் அரசன் தீய நோக்கத்தோடு பயன்படுத்தப் பார்த்தான். ஞானிகள் நுழைந்தது வீட்டுக்குள் (2:11). ஏரோது தேடியது இரண்டு வயதும் அதற்குட்பட்டதுமான ஆண் குழந்தைகளை. ஆகவே ஞானிகளின் சுருபங்களை 25ஆம் திகதியே தொட்டியருகில் வைப்பது பொருந்தாது. பீடத்தின் மறுமூலையில் வைத்து நாளுக்கு ஓரடி நகர்த்தி, திருக்காட்சி விழாவன்று குடிலுக்குள் சேர்ப்பதே முறை. சிறுவர்களிடம் இந்த வேலையைக் கொடுத்தால் மறக்கவே மாட்டார்கள்.

நுவரெலியாவிலிருந்து ஹக்கலை, வெலிமடை வழியாகப் பதுளைக்கு இறக்கம். வாகனம் ஓட்டுபவர் கீழ் கியரில் வர வேண்டும். தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். பதுளை புனித மரியன்னை பேராலயத்தில் திருக்காட்சிக்குரிய எசாயா 60. மத்தேயுவில் இல்லாத ஒட்டகங்கள் குடிலுக்கு வந்தது இங்கிருந்து; கிரீடங்கள் திருப்பாடல் 72இலிருந்து. பொன்னும் சாம்பிராணியும் எசாயாவில் உண்டு, வெள்ளைப்போளம் இல்லை. அது யோவான் 19:39இல், நிக்கதேம் இயேசுவின் உடலுக்குக் கொண்டுவரும்போது திரும்ப வருகிறது.

எரேமியா 31:15ஐயும் பதுளையில்தான் வாசிக்க வேண்டும். டிசம்பர் 28, ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகளை நினைக்கும் மாசில்லாக் குழந்தைகள் விழா. ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள். 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியது இந்த மாவட்டத்தில்தான். ஏரோதின் கொலையை இறைவன் விரும்பினார் என்று மத்தேயு எழுதவில்லை. எரேமியாவின் சொல் அப்போது நிறைவேறியது என்று மட்டுமே எழுதினார். நத்தார் மகிழ்ச்சியைக் கெடுக்கும் என்று இந்த வாசகத்தைத் தவிர்ப்பவர்கள் உண்டு. தவிர்க்காதீர்கள், 16, 17ஆம் வசனங்கள் வரை போங்கள். அழுகையை நிறுத்து, உன் பிள்ளைகள் தங்கள் நாட்டுக்குத் திரும்பி வருவார்கள் என்று ஆண்டவர் அந்தத் தாயிடம் சொல்வது அங்கேதான். மீரியபெத்தைப் பக்கம் உறவினர் உள்ளவர்கள் பண்டாரவளை வழியாகக் கொஸ்லந்தைப் பாதையில் போய் அவர்களையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அதற்கு இன்னொரு முழு நாளை ஒதுக்குங்கள்.