சோலாரிசுக்கு எத்தனை நாள்?

"வெயில் ஊர்க்காரிக்குப் பழம் பழுக்குமோ என்ற கவலை எங்கே தெரியப்போகிறது" என்று திராட்சைத் தோட்டத்தில் கூட வேலை செய்யும் டேனிஷ்காரர் சிரித்தபடி சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும் சுருக்கென்று தைத்தது.

இலங்கையில், மட்டக்களப்புப் படுவான்கரை வயல்காரர் வீட்டில் வேறென்ன கவலை? மூன்று மாத நெல்லான பிஜி 300 விதைப்பதா, மூன்றரை மாத பிஜி 352 விதைப்பதா என்று அப்பாவும் பெரியப்பாவும் வயல் வாடியில் வாதாடுவதைக் கேட்டு வளர்ந்தவள் நான். 2011 தை வெள்ளத்தில் எங்கள் வெள்ளாமை தண்ணீருக்குள் கிடந்து அழுகியது. நாள் தப்பினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை.

டென்மார்க்கில் விற்பனைக்கு வைன் செய்ய ஐரோப்பிய ஒன்றியம் வழிவிட்டதே 2000இல்தான். சீலாந்துத் தீவில் எங்கள் தோட்டத்தில் நிற்பது சோலாரிஸ் என்ற வெள்ளைத் திராட்சை, ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் 1975இல் உருவாக்கிய இனம். பூஞ்சை நோயைத் தாங்கும், மருந்தடிப்பு குறைவு, சீனி நன்றாக ஏறும். எல்லாவற்றையும் விட, முந்திப் பழுக்கும். பூத்ததில் இருந்து அறுவடைக்குப் பொதுவாக 100 நாள் என்பது திராட்சைக்காரர் கணக்கு. ஜூன் கடைசியில் பூக்கிற ஊரில் அந்த 100 நாள் அக்டோபர் குளிரில் போய் முட்டும். அதனால் முந்துகிற இனம்தான் இங்கே பிழைக்கும். குறையும் உண்டு: துளிரும் முந்தி வருவதால் மே மாத உறைபனியில் கருகிவிடும்.

செப்டம்பரில் நான் வரிசை வரிசையாகப் போய்ப் பழம் பார்ப்பேன். ஒரு துளிச் சாற்றைச் சீனி பார்க்கும் கருவியின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நீலமும் வெள்ளையும் சேரும் கோடு தெரியும். கோடு ஏறினால் சீனி ஏறுகிறது. அப்புறம் விதையைக் கடித்துப் பார்ப்பேன். பச்சை மாறி மண்ணிறமாகி, கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும். அப்பாவும் நெல்லைக் கடித்துவிட்டு, "இன்னும் ஈரம் போகல்ல மனே" என்பார்.

இந்த ஊர் பழகிவிட்டது. குளிர் பழகிவிட்டது, இருட்டு பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான்: சத்தமில்லாத காவல். சோலாரிஸ் முதலில் இனிப்பதால் ஊர்க் குளவியெல்லாம் அதில்தான் மொய்க்கும். குருவிக்கு வலை கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் வயலில் வலை ஏது? விடிய முதல் மச்சாளும் நானும் தகரம் தட்டுவோம், ஊவென்று கத்துவோம், அடுத்த வட்டையில் இருந்து பதில் சத்தம் வரும். குருவி போனதோ இல்லையோ, ஒருவருக்கொருவர் கத்திக் கத்தியே பகல் போய்விடும். அந்தச் சத்தத்துக்குக் காது இன்னும் ஏங்குகிறது.

இப்போது ரொண்டோ என்ற சிவப்பு இனத்தையும் ஒரு வரிசை வைத்திருக்கிறோம். போன கோடையில் நன்றாகப் பழுத்ததும் இன்னும் நடலாம் என்றார் முதலாளி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல வெயிலில் எந்த இனமும் பழுக்கும். மழை பிடித்த வருசத்தில் புளிப்பு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். புது நெல்லை அப்பா முதலில் ஒரு மூலையில்தான் விதைப்பார் என்பதையும் சொன்னேன். யோசித்துவிட்டுச் சரி என்றார். அடுத்த வருசமும் ரொண்டோ ஒரே வரிசைதான்.