பி.எட். பயிற்சியில் வேளாண் பிரிவு கிடைத்தால்

பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளிக்கூடத்தில் இருந்து பாடம் நடத்த வேண்டும் என்பது சேரும்போதே தெரியும். ஆனால் மேல்நிலையில் வேளாண் அறிவியல் பிரிவு இருக்கிற பள்ளியில் போட்டால் எப்படிச் சமாளிப்பது என்று சொல்ல ஆள் கிடைப்பதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் இளங்கலையில் படித்தது தாவரவியல். பண்ருட்டிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளி கிடைத்தது. வழிகாட்டி ஆசிரியர், "ஒன்பதாம் வகுப்பு அறிவியலோட சேர்த்து பதினொன்னு வேளாண் பிரிவையும் பாத்துக்கோங்கம்மா" என்றார்.

அந்தப் பிரிவைப் பற்றி ஆசிரியர் அறையில் முதலில் காதில் விழுந்ததே, பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்தவர்கள் சேருகிற குரூப் என்பதுதான். எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை. அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் முந்திரி, பலா, கரும்பு, கடலை என்று ஏதோ ஒரு வெள்ளாமை நடக்கிற வீட்டிலிருந்து வருகிறார்கள். செம்மண்ணில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும், எந்தப் பூச்சி எப்போது வரும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பார்த்துப் பழகிய விஷயம். பரீட்சைத் தாளில் எழுதத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கல்லூரியில் சொல்லிக்கொடுத்த மாதிரி சார்ட், பாடக்குறிப்பு, கற்றல் விளைவு எல்லாம் எழுதிக்கொண்டுதான் போனேன், அதெல்லாம் ரெக்கார்டுக்குத் தேவை. வகுப்பு உயிர்பெற்றது விதைத் தேர்வு நடத்தியபோதுதான். ஒரு வாளித் தண்ணீரில் முட்டையைப் போட வேண்டும், அது மிதந்து மேலே கொஞ்சம் தெரிகிற வரைக்கும் உப்பைக் கரைக்க வேண்டும், அப்புறம் முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டினால் பதர் மேலே வந்துவிடும், கனமான விதை அடியில் தங்கும். தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசியே ஆக வேண்டும், இல்லையென்றால் உப்பு முளைப்பைக் கெடுத்துவிடும். கடைசி பெஞ்சில் வாயே திறக்காத ஒருத்தி எழுந்து, "உப்புத் தண்ணியில ஏன் டீச்சர் பதர் மட்டும் மேல வருது?" என்று கேட்டாள். அடர்த்தி என்பதை அதற்கப்புறம் நடத்தியபோது யாருக்கும் அது புதுப் பாடமாகத் தெரியவில்லை.

கடலைப் பாத்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பள்ளிக்குப் பின்னால் இருந்த இடத்தில் ஆடியிலேயே கடலை போட்டிருந்தோம். நாற்பது நாளுக்கு மேல் ஆனதும் சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சம் போட்டுச் செடியைச் சுற்றி மண் அணைக்கிற வேலை வந்தது. தண்ணீர் பாய்ச்சி வளர்க்கிற இறவைக் கடலைக்கு ஹெக்டேருக்கு 400 கிலோ என்று இருக்கிறது. நம்முடைய பாத்தி வெறும் பத்து சதுர மீட்டர், அப்படியென்றால் எவ்வளவு போட வேண்டும்? கணக்கு என்றாலே தலையைக் குனிகிறவர்கள் மண்ணில் குச்சியால் எழுதி, சதுர மீட்டருக்கு 40 கிராம், மொத்தம் 400 கிராம் என்று சொன்னார்கள். ஏன் அந்த நேரத்தில் போட வேண்டும் என்பதற்கும் செடியையே தூக்கிக் காட்டினேன். காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் எடுத்துக் கொடுத்தால் போதாது, பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிய விழுதும் காயும் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக உறிஞ்சிக்கொள்கின்றன, அது கிடைக்காவிட்டால் காய் பொக்காகிவிடும். வீட்டில் பொக்குக் கடலையைத் தினமும் பார்க்கிற பிள்ளைகளுக்குக் காரணம் தெரிந்தபோது வந்த முகமலர்ச்சி எனக்கு மறக்காது.

பெரிய சிக்கல் நேரம். நாற்பத்தைந்து நிமிஷ பீரியடில் தோட்டத்துக்குப் போய், வேலை செய்து, கை கழுவித் திரும்புவது நடக்காது. எச்.எம்.மிடம் முதல் வாரத்திலேயே கேட்டு வாரத்துக்கு ஒரு நாளாவது இரண்டு பீரியடைச் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், பிற்பாடு கேட்டால் டைம்டேபிளை மாற்றுவது கஷ்டம். மழைக்காலம் தொடங்கிவிட்டால் கடலூர் மாவட்டத்தில் எப்போது லீவு விடுவார்கள் என்று தெரியாது, ஆகையால் வெளியே செய்கிற செய்முறைகளை ஐப்பசிக்கு முன்னாலேயே முடித்துவிடுவது நல்லது. வழக்காய்வு (ஒரு மாணவரைப் பற்றிய கேஸ் ஸ்டடி), சாதனைத் தேர்வு (நடத்திய பாடத்தில் வைக்கிற டெஸ்ட்) ரெக்கார்டுகளை அன்றன்றைக்கு எழுதினால் போதும், அவற்றில் சொல்ல வேறொன்றும் இல்லை.

கமிஷனுக்கு, அதாவது பி.எட். செய்முறைத் தேர்வுக்கு, முன் ஒரு வகுப்பைப் பார்வையிடக் கல்லூரியிலிருந்து வந்தார்கள். அன்றைக்குப் பாடம் முந்திரியில் இளந்தண்டு ஒட்டு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்தபோது இந்தப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தது எல்லோருக்கும் தெரியும். அப்படித் தோப்பை இழந்து, ஒட்டுக்கன்று வைத்து மறுபடி எழுந்த குடும்பத்துப் பையன் ஒருவன் வகுப்பில் இருந்தான், அவன் தாத்தா நர்சரியில் ஒட்டுக் கட்டுகிறவர். பாடக்குறிப்பில் 'மாணவர் செய்து காட்டல்' என்று எழுதி அவனையே செய்ய வைத்தேன். தாய்மரத்துக் குச்சியில் வெட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னமே இலையைக் கிள்ளிவிட வேண்டும் என்பதையும், ஒட்டுக் கட்டப்போகிற வேர்க்கன்றும் குச்சியும் ஒரே பருமனாக இருக்க வேண்டும் என்பதையும், ஆப்பு மாதிரி சீவியதைப் பிளவில் சொருகிப் பாலித்தீன் பட்டையால் காற்றுப் புகாமல் சுற்ற வேண்டும் என்பதையும் அவன் தாத்தாவின் பேச்சிலேயே சொன்னான். வந்தவர் கன்றை வாங்கிப் பார்த்துவிட்டு அவனிடம் நான்கைந்து கேள்வி கேட்டார், எல்லாவற்றுக்கும் பதில் வந்தது.

பயிற்சி முடியப்போகும்போது இன்னொரு வேலையும் செய்தேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இந்த வேளாண் பிரிவு போன்ற தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருப்பது வகுப்பில் பலருக்குத் தெரியவில்லை, பெற்றோருக்கும் தெரியவில்லை. கரும்பலகையில் எழுதி, விண்ணப்பத்துக்கு எந்தச் சான்றிதழ்களை இப்போதே எடுத்து வைக்க வேண்டும் என்று ஒவ்வொருவரையும் நோட்டில் குறித்துக்கொள்ளச் சொன்னேன். வேளாண் பிரிவு கிடைக்கிற பயிற்சி ஆசிரியர்கள் இதை முதல் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள், பதினொன்றாம் வகுப்பிலேயே தெரிந்தால் மார்க்குக்கு உழைக்க அவர்களுக்கு முழுசாக ஒன்றரை வருஷம் கிடைக்கும்.