ஆள் மாற்றி அனுப்பிய விவாதம்

தலைவர் விவாதத்துக்கு வராமல் தன் அணியில் இன்னொருவரை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வதைச் சாமர்த்தியம் என்பவர்கள், 2017 மே 31 அன்று கேம்பிரிட்ஜில் நடந்த பிபிசி தேர்தல் விவாதத்தை ஒருமுறை பார்க்கலாம். திடீர்த் தேர்தலை அறிவித்ததே அன்றைய பிரிட்டிஷ் பிரதமரும் கன்சர்வேடிவ் கட்சித் தலைவருமான தெரசா மே. பிரசாரப் பேருந்திலும் கட்சிப் பெயரைவிட அவர் பெயர்தான் பெரிது. மேடையில் நின்றது மட்டும் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட், அதுவும் தந்தை இறந்த சில நாட்களுக்குள்! எதிர்க்கட்சியான லேபர் கட்சியின் தலைவர் கோர்பின் வேறு கடைசி நேரத்தில் நானும் வருகிறேன் என்று வந்து நின்றதும் மே வராததுதான் பெரிய பேச்சாகிவிட்டது. தேர்தலில் மேயின் கட்சிக்கு 318 இடம், பெரும்பான்மை போச்சு. அப்புறம் வட அயர்லாந்தின் டியூபி கட்சியின் 10 எம்பிக்களை நம்பித்தான் ஆட்சி. வேடிக்கை என்னவென்றால், அன்று மேடையில் நின்ற ஏழு பேரில் டியூபி ஆள் ஒருவர்கூட இல்லை.