மரத்திலிருந்து கட்டத்துக்கு: ஹேக் நகரில் ஒரு பகல்

நெதர்லாந்து போகிறவர்கள் பெரும்பாலும் ஆம்ஸ்டர்டாமோடு திரும்பிவிடுகிறார்கள். ரெம்பிராண்டும் வான்கோவும் அங்கே இருக்கும்போது அது இயல்புதான். ஆனால் நவீன ஓவியம் என்றாலே விலகிப் போகிறவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போக எனக்கு ஓர் இடம் இருக்கிறது: ஹேக் நகரின் குன்ஸ்ட்மியூசியம். கட்டடக் கலைஞர் பெர்லாகே வடிவமைத்த மஞ்சள் செங்கல் கட்டடம், 1935-இல் திறந்தது.

கறுப்புக் கோடுகள், நடுவே சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்கள். சட்டையிலும் பையிலும்கூட இந்த டிசைனைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தொடங்கிவைத்த பீட் மோண்ட்ரியனின் படைப்புகள் உலகிலேயே அதிகம் இருப்பது இங்கேதான், சுமார் 300.

சுவரில் இருக்கும் குறிப்பைப் படிக்காமல் முதலில் படத்தை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு உள்ளே போனேன். முதலில் நின்றது 'மாலை: சிவப்பு மரம்' முன்னால். இலையே இல்லை. நீல மாலைப்பொழுதில் கிளைகள் செக்கச்செவேல் என்று முறுக்கிக்கொண்டு பரவுகின்றன. இது யாருக்கும் பிடித்துவிடும். 1911-இல் வரைந்த 'சாம்பல் மர'த்துக்கு வந்தால் நிறம் வடிந்துவிட்டது. கிளைகளுக்கு நடுவே தெரியும் வானத்தைக் கிளையைப் போலவே கனமாகத் தீட்டியிருக்கிறார். எது முன்னால், எது பின்னால் என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. பிக்காசோவும் பிராக்கும் செய்துகொண்டிருந்த கியூபிசம், அதாவது பொருளைத் துண்டு துண்டாக உடைத்துக் காட்டும் ஓவிய பாணி, அவரைத் தொட்ட காலம் அது. அடுத்த வருடத்து 'பூத்த ஆப்பிள் மர'த்தில் வளைகோடுகள் மட்டுமே மிச்சம். பெயர் தெரியாவிட்டால் மரம் என்றே சொல்ல மாட்டோம். மூன்றுக்கும் இடையே திரும்பத் திரும்ப நடந்தேன். 'இது என்ன?' என்ற கேள்வி எப்போது மறைந்தது என்றே தெரியவில்லை. எதை விட்டார், எதை வைத்துக்கொண்டார் என்றுதான் கண் தேடியது.

அப்புறம்தான் கட்டங்கள். தூரத்தில் அளவுகோல் வைத்து இழுத்தது மாதிரி இருக்கும். கிட்டே போனால், 1921-ஆம் ஆண்டுப் படம் ஒன்றில் சில கறுப்புக் கோடுகள் விளிம்பைத் தொடாமல் சற்று முன்பே நின்றுவிடுகின்றன. வெளிர் கட்டங்கள் எல்லாம் ஒரே வெள்ளை இல்லை; ஒன்றில் லேசாக நீலம், இன்னொன்றில் சாம்பல். அச்சிட்ட படங்களில் இதெல்லாம் காணாமல் போய்விடுகிறது. எல்லாம் எனக்குப் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில கட்டங்கள் இன்னும் கதவைத் திறக்கவில்லை. சரி, திறக்கும்போது திறக்கட்டும்.

'விக்டரி பூகி வூகி' தனி ரகம். 1940-இல் நியூயார்க் போன மோண்ட்ரியன் அங்கே பூகி வூகி என்ற துள்ளலான பியானோ இசையில் சொக்கிப்போனார். இதில் கறுப்புக் கோடே கிடையாது. முனையில் நிற்கும் சதுரம் முழுக்கச் சின்னச் சின்ன வண்ணத் துண்டுகள் துள்ளுகின்றன. இதை முடிக்காமலே 1944-இல் இறந்துவிட்டார். எந்த நிறம் எங்கே என்று பார்ப்பதற்காக அவர் ஒட்டிய டேப்பும் காகிதத் துண்டுகளும் இன்னும் அப்படியே இருக்கின்றன. 1998-இல் இதை 8 கோடி கில்டருக்கு (அப்போதைய டச்சு நாணயம்) வாங்கியபோது நெதர்லாந்தில் பெரிய சர்ச்சை. எனக்கு அந்தத் தொகையைவிட ஓரம் நேராக இல்லாத அந்தத் துண்டுகள்தான் பெரிது. எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் தயங்கி, மாற்றி, மறுபடி யோசித்த தடம் அது.

திங்கட்கிழமை விடுமுறை. போனால் நேராகக் கட்டங்களிடம் போகாதீர்கள், மரங்களிலிருந்து தொடங்குங்கள்.